பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் சினிமாவைக் குறை சொல்ல வேண்டாம்



சற்று நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். முதல் பத்தியைப் படித்துவிட்டுக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதுகிறவர்கள் யார் யார் என்று வகுப்பிலேயே எனக்குத் தெரியும்!

போன வாரம் 'ஓ மை கடவுளே' படத்தைத் தொலைக்காட்சியில் மறுபடியும் போட்டார்கள். அன்று இரவே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் வயதில் எனக்கு மூத்தவர், நான் அண்ணா என்று அழைப்பவர். சாரம் இதுதான்: "இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் நம் பெண்கள் குட்டிச்சுவராகப் போகிறார்கள். எல்லாவற்றிலும் கச்சிதமான மாப்பிள்ளை வேண்டும் என்று தேடுகிறார்கள். வருகிற வரனையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு முப்பது தாண்டி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்." கீழே பதினாறு பேர் கை கூப்பியும் கட்டைவிரலைத் தூக்கியும் ஆமோதித்திருந்தார்கள்.

பெயர் சொல்லாவிட்டாலும் அது யாரைக் குறித்து எழுதப்பட்டது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். என் தங்கை மகளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். வயது 32. அதனால்தான் இந்தப் பதில். அவளிடம் கேட்டு, "எழுதுங்க பெரியம்மா" என்று அவள் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

முதலில் படத்துக்கு வருவோம். குற்றம் சாட்டுகிறவர்கள் குற்றவாளியை ஒரு தடவையாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

2020 பிப்ரவரி 14 அன்று வெளியான படம். இயக்கியவர் அஸ்வத் மாரிமுத்து, அவருக்கு அது முதல் படம். அசோக் செல்வன், ரித்திகா சிங், வாணி போஜன் நடித்தது. அர்ஜுனும் அனுவும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். ஒரு நாள் அனுவே "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறாயா" என்று கேட்கிறாள். அவனும் பெரிதாக யோசிக்காமல் சரி என்கிறான். அப்புறம் மாமனாரின் கழிப்பறைக் கோப்பை தயாரிக்கும் தொழிற்சாலையில் பிடிக்காத வேலை, வீட்டில் சண்டை, பள்ளியில் படித்தபோது மனதில் நின்ற மீராவை மறுபடி சந்திப்பது என்று போய், குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்துக்கு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் கடவுளாக வரும் விஜய் சேதுபதி அவனுக்கு ஒரு தங்கச் சீட்டு கொடுக்கிறார். அனு கேட்ட அந்த நிமிடத்துக்கே திரும்பிப் போய் இந்த முறை "மாட்டேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். கடைசியில் என்ன ஆகிறது என்பதைப் பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

இதில் கச்சிதமான துணையைத் தேடு என்று எங்கே சொல்லியிருக்கிறது? படம் சொல்வது நேர் எதிரானது. "வேறு ஒருத்தியாக இருந்திருந்தால் என் வாழ்க்கை நன்றாக இருந்திருக்கும்" என்று நினைப்பவனுக்கு அந்த வேறு ஒருத்தியையே காட்டி, "இப்போது சொல்" என்று கேட்கிற படம் அது. இரண்டாவது வாய்ப்பில் அனு மாறவில்லை. அவளுடைய அப்பாவும் மாறவில்லை. அந்தக் கழிப்பறைத் தொழிலை அந்த மனிதர் ஏன் செய்கிறார் என்று உட்கார்ந்து கேட்கும் காது அர்ஜுனுக்கு அப்போதுதான் வருகிறது. மாமனாராக இருந்தபோது கேலியாகத் தெரிந்தவர், அந்நியராக நின்று கேட்டபோது மனிதராகத் தெரிகிறார். எம். எஸ். பாஸ்கர் நடித்த அந்தக் காட்சிக்காகவே படத்தை இரண்டாம் முறை பார்த்தேன்.

இது புதுப் பழக்கமும் அல்ல. அண்ணா அவர்கள் தம் காலத்துப் படம் என்று பெருமையாகச் சொல்வாரே, ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. அதில் சிரிப்பு எதிலிருந்து வருகிறது? டி. எஸ். பாலையா தம் பெண்களுக்குப் பணக்கார வீட்டு மாப்பிள்ளைதான் வேண்டும் என்று நிற்கிறார். அந்த ஆசை தெரிந்ததும் ரவிச்சந்திரன் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளையாக வேஷம் போடுகிறார், முத்துராமன் அந்தக் கோடீஸ்வர அப்பாவாகவே வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். பாலையா வாயெல்லாம் பல்லாக வரவேற்கிறார். பணம் என்று காதில் விழுந்தால் ஒட்டுத்தாடி கண்ணுக்குத் தெரியாது! அறுபது வருடமாகத் தமிழில் வருகிற நல்ல காதல் நகைச்சுவைப் படங்கள் சிரிப்பது பெரியவர்களின் பட்டியலைப் பார்த்துத்தான். நாமும் கூடவே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் பார்ப்போமா?

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமகள் தேவை பத்தியைப் பிரியுங்கள். சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், நிறம், உயரம், படிப்பு, சம்பளம், சொத்து, "அளவான குடும்பம்". திருமணத் தளங்களில் இதையே வடிகட்டி மாதிரி வைத்திருக்கிறார்கள். விரலால் நகர்த்தினால் ஐந்தடி இரண்டு அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்கள் காணாமல் போய்விடுவார்கள். ஷாதி.காம் தளத்தில் நிறத்தை வைத்துத் தேடும் வசதி 2020 வரை இருந்தது. அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் தொடங்கிய கையெழுத்து இயக்கத்துக்குப் பிறகுதான் எடுத்தார்கள். வடிகட்டியை எடுத்துவிட்டார்கள், சரி. நம் வீட்டுப் பெரியம்மாக்களின் நாக்கிலிருந்து அதை எடுப்பது யார்?

இதற்கு மேல் ஜாதகம். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்று பத்து. பத்தும் தாண்டினால் செவ்வாய் தோஷம். அதையும் தாண்டினால் மூலம், ஆயில்யம் என்று மாமனார் மாமியாருக்கு ஆகாத நட்சத்திரம். பிறந்த நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்துச் சொன்னவர் யாரோ. அந்தக் கடிகாரம் ஐந்து நிமிடம் தாமதமாக ஓடியதா என்று யாராவது கேட்டதுண்டா? ஜாதகம் பார்க்கக் கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் இத்தனை சல்லடைகளை வைத்துச் சலித்துவிட்டு, "பெண்கள் கச்சிதமாகத் தேடுகிறார்கள்" என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

"இதெல்லாம் நம் பண்பாடு" என்பார்கள். பண்பாட்டையும் பார்ப்போம். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள்தான், புலவர் பட்டம் பெற்றவள் இல்லை. ஓய்வுக்குப் பிறகு தொல்காப்பியத்தை உரையோடு மெதுவாகப் படித்து வருகிறேன். மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய ஒப்புகள் என்று பத்து வருகின்றன. அதில் பிறப்பு, குடிமை, வயது, உருவம், செல்வம் எல்லாம் உண்டு. எனக்கு வசதி இல்லை என்பதற்காக நான் அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதே பட்டியலில் நிறை உண்டு, அருள் உண்டு, உணர்வு உண்டு. எந்த மணமகன் தேவை விளம்பரத்திலாவது "அருள் உள்ளவர்" என்று படித்திருக்கிறீர்களா?

அடுத்த நூற்பாவை யாரும் சொல்வதில்லை. என்னென்ன இருக்கக் கூடாது என்று அங்கே பட்டியல் வருகிறது. கொடுமை கூடாது. தன்னைத்தானே வியந்துகொள்ளுதல் கூடாது. புறம் பேசுதல் கூடாது. வன்சொல் கூடாது. சோம்பல் கூடாது. அந்த வரிசையிலேயே 'குடிமை இன்புறல்' என்று ஒன்று வருகிறது. தன் குலப்பெருமையை எண்ணித் தானே மகிழ்ந்துகொண்டிருத்தல். அதுவும் கூடாது! கடைசியாக வருவது 'ஒப்புமை'. கூட இருப்பவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பார்த்தல் என்று அதைப் புரிந்துகொள்கிறேன். அர்ஜுனின் நோய் வேறென்ன? எதிரில் அனு, மனதில் மீரா. பழைய இலக்கண நூல் வேண்டாம் என்று சொன்னதைத்தான் 2020ல் ஓர் இளைஞர் படமாக எடுத்திருக்கிறார். எங்கள் அண்ணா அதைப் பண்பாட்டுச் சீரழிவு என்கிறார்.

இனி என் தங்கை மகளின் கணக்கு. கணக்கு என்றால் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவள் அப்பா இறந்த பிறகு வரன் பார்க்கும் பொறுப்பில் பாதி என்னிடம் இருந்தது. நான்கு வருடத்தில் வந்தவை 17. அதில் 9 ஜாதகக் கட்டத்திலேயே நின்றுவிட்டன. பையனும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. 5 வரன்களை வேண்டாம் என்றது பையன் வீட்டார். ஒரு வீட்டில் பெண் நிறம் கம்மி என்றார்கள். ஒரு வீட்டில் பையனைவிடச் சம்பளம் அதிகம், நாளைக்கு அடங்க மாட்டாள் என்றார்கள். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இல்லை, அம்மாவைக் கூடவே கூட்டி வந்துவிடுவாளோ என்று பயந்தார்கள். ஒரு வீட்டில் உயரம். இன்னொரு வீட்டில் இரண்டு வாரம் இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

மிச்சம் 3. அந்த மூன்றைத்தான் அவள் வேண்டாம் என்றாள். ஒருவர் கல்யாணமான மறுமாதம் வேலையை விட வேண்டும் என்றார். ஒருவர் வீட்டார், அவள் அம்மா குடியிருக்கும் வீடு பிற்பாடு யார் பெயருக்கு எழுதப்படும் என்று காபி ஆறுவதற்குள் கேட்டார்கள். ஒருவர் ஒரு மணி நேரமும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை, எல்லாவற்றையும் அவருடைய அம்மாவே பேசினார். இதில் எந்த 'வேண்டாம்' சினிமாவைப் பார்த்து வந்தது? பதினேழில் பதினான்கு அவள் வாய் திறப்பதற்கு முன்பே முடிந்துபோனவை. மூன்று முறை வாய் திறந்ததற்கு "தட்டிக் கழிக்கிறாள்" என்று பெயர்.

அவள் என்ன கேட்கிறாள் என்று அந்தப் பதினாறு பேரில் யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன். "நான் பேசுறப்ப காது கொடுத்துக் கேக்கணும் பெரியம்மா. அம்மாவை மாசம் ஒரு தடவை போய்ப் பாக்குறதுக்கு நான் யார்கிட்டயும் அனுமதி வாங்கக் கூடாது. கோவம் வந்தா கத்தலாம், கை நீட்டக் கூடாது." மூன்றே மூன்று. பத்துப் பொருத்தத்தில் ஏழைக் கழித்துவிட்டாள். இவளையா பேராசைக்காரி என்கிறீர்கள்?

படத்துக்கு நான் வக்கீல் இல்லை. அதிலும் எனக்கு ஒரு பெரிய சண்டை உண்டு. தங்கச் சீட்டு யாருக்குக் கிடைக்கிறது? அர்ஜுனுக்கு. தப்புச் செய்தவன் அவன், கற்றுக்கொள்ள ஒரு முழு வாழ்க்கை கூடுதலாகக் கிடைப்பதும் அவனுக்கு. அனுவுக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தால் அவள் எந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போயிருப்பாள்? அதே கேள்வியை அவனிடம் கேட்டிருப்பாளா? படம் அந்தப் பக்கம் போகவே இல்லை. அவள் வேலை, அவனுக்குப் புத்தி வரும் வரை நல்லவளாக இருப்பது. மீராவின் வேலை, அவனுக்குப் பாடம் புரிந்ததும் ஒதுங்கிக்கொள்வது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே கதையை 2022ல் மறுபடி எடுத்தார்கள். அங்கேயும் சீட்டு ஆணுக்குத்தான்.

ஆனால் இந்தக் குறையைச் சொல்லும் தகுதி நம் குழுவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நம் உறவிலேயே விவாகரத்தான ஆண்களுக்கு வருடம் திரும்புவதற்குள் "பாவம், தனியா எப்படி இருப்பான்" என்று இரண்டாவது பெண் பார்த்தோம். விவாகரத்தான பெண்ணைச் சீமந்தத்துக்கு அழைத்தால் முன்னால் வராதே என்று கண்ணால் காட்டுகிறோம். வாழாவெட்டி என்ற சொல்லுக்கு ஆண்பால் உண்டா? தமிழாசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சட்டம் நம்மைவிட நாகரிகமானது. இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு 13பி பிரிவு 1976லேயே வந்துவிட்டது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப் போட்ட பிறகு 6 மாதம் பொறுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே கணவனுக்கு ஒரு விதி, மனைவிக்கு ஒரு விதி இல்லை. இரண்டாவது வாய்ப்பை நீதிமன்றம் இருவருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிறது. நாம்தான் ஒருவர் கையிலிருந்து பிடுங்கி இன்னொருவர் கையில் கொடுக்கிறோம்.

"அப்படியென்றால் எதையுமே பார்க்காமல் கட்டிக் கொடுக்கச் சொல்கிறீர்களா டீச்சர்?" என்று கேட்பீர்கள். நிச்சயமாக இல்லை. நன்றாகப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். நாம் பார்ப்பது பற்றாது.

முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளைப் பெஞ்சில் ஜோடி ஜோடியாக உட்கார வைத்தவள் நான். மதிப்பெண் ஒத்தவர்களை உட்கார வைத்தேன், சண்டை. உயரம் ஒத்தவர்களை உட்கார வைத்தேன், சண்டை. எந்தப் பெஞ்ச் அமைதியாக இருந்தது தெரியுமா? அழிப்பான் இல்லாதபோது பாதியாக வெட்டிக் கொடுக்கிற பிள்ளை இருந்த பெஞ்ச். விளையாட்டில் தோற்றாலும் முகத்தைத் தூக்கிக்கொள்ளாத பிள்ளை இருந்த பெஞ்ச். இந்தக் குணங்கள் மதிப்பெண் பட்டியலில் வருவதில்லை. நாலு நாள் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும்.

அதனால் கேட்கிறேன். சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுகிற இருபது நிமிடத்தில் என்ன தெரிந்துவிடும்? ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். நாற்பது வருடம் கூட வாழப் போகிறவர்களை "மாடிக்குப் போய்ப் பத்து நிமிஷம் பேசிட்டு வாங்க" என்கிறோம். ஆறு மாதம் பேசட்டும். கடன் எவ்வளவு என்று கேட்கட்டும். சாப்பிட்ட தட்டை யார் கழுவுவது என்று பேசட்டும். ஓட்டலில் தண்ணீரைத் தவறிக் கொட்டிய பையனிடம் அவன் எப்படிப் பேசுகிறான் என்று அவள் பார்க்கட்டும். அவனும் அவளை அப்படியே பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் "இல்லை" என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வரட்டும். நிச்சயத்துக்கு முன் சொல்லும் ஒரு 'இல்லை' பிற்பாடு நீதிமன்ற வாசலில் சொல்லும் 'இல்லை'யைவிட எவ்வளவோ மலிவு.

என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பையன்களே, உங்களுக்குக் கடவுள் தங்கச் சீட்டு எதுவும் தரப்போவதில்லை. எதிரில் இருப்பவளின் பேச்சைக் கேட்க இந்த ஒரு வாழ்க்கைதான் இருக்கிறது. பெண்களே, மூன்று நிபந்தனை வைத்திருந்தால் மூன்றையும் வைத்திருங்கள். யாரோ குழுவில் எழுதினார்கள் என்பதற்காக ஒன்றைக் குறைக்க வேண்டாம். "எதிலும் குறையே இருக்கக் கூடாது" என்று நாலாவதாக ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம்.

உறவினர்களுக்கு மூன்று கோரிக்கை. ஒன்று, என் தங்கை மகளின் புகைப்படத்தையும் ஜாதகத்தையும் அவளைக் கேட்காமல் எந்தக் குழுவுக்கும் அனுப்பாதீர்கள். இரண்டு, விசேஷ வீடுகளில் அவளைப் பார்த்ததும் "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று ஆரம்பிக்காதீர்கள். வேலை எப்படிப் போகிறது, அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா என்று கேளுங்கள். மூன்று, அவள் கல்யாணம் செய்துகொண்டாலும் சரி, செய்துகொள்ளாவிட்டாலும் சரி, அவளுக்கு நம் வீட்டுப் பந்தியில் இலை உண்டு. அதை யாரும் எடுக்க முடியாது.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. குழுவில் எழுதியதை நீங்களே நீக்கிவிட்டு அவளுக்கு ஒரு போன் செய்யுங்கள். பதினாறு பேரும் உங்கள் பின்னால் வருவார்கள். நல்லதுக்கும் வரட்டுமே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்